காது மெஷினுக்கு மேல் ஒரு ஹெட்போன்

திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையில் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் ஓய்வுபெற்றவர்களில் பலருக்கு இப்போது பொழுது போவது கைபேசியில்தான். விடியற்காலையில் திருவாசக முற்றோதல், மத்தியானம் ஒரு சொற்பொழிவு, ராத்திரி வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பேரப்பிள்ளையின் வீடியோ கால். காது மந்தமாகத் தொடங்கியதும் இவர்கள் டவுனுக்குப் போய் கைபேசிக் கடையில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, நல்லா சத்தமா கேக்கிற செட்டு ஏதாச்சும் இருக்கா?"

கடைக்காரத் தம்பியும் 'பேஸ்' தூக்கலான ஒரு நெக்பேண்டை எடுத்துக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து மாட்டினால் சத்தம் வருகிறது, பேச்சுப் புரியவில்லை. வால்யூமை ஏற்றினால் காது வலிக்கிறது, அப்போதும் புரியவில்லை. இரண்டு வாரத்தில் அந்த செட் பேரனுக்குப் போய்விடுகிறது. பெரியவர் மறுபடி கைபேசி ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்து மடியில் போட்டுக்கொள்கிறார். தெரு முழுக்கச் சொற்பொழிவு கேட்கிறது, அவருக்கு மட்டும் பாதிதான் கேட்கிறது.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்குச் சரியான சாமானைத்தான் கொடுத்தார். கேள்விதான் தப்பு. செவித்திறன் குறைந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறைவது சத்தம் அல்ல, தெளிவு. அதிலும் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியாமல் ஹெட்போன் வாங்குவது, பவர் தெரியாமல் மூக்குக் கண்ணாடி வாங்குவதைப் போலத்தான்.

காதில் பழுது எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து மந்தம் இரண்டு வகை. வெளிக்காதிலோ நடுக்காதிலோ தடை என்றால், அதாவது குரும்பி அடைப்பு, செவிப்பறையில் ஓட்டை, சீழ், நடுக்காதின் குட்டி எலும்புகள் இறுகிப்போவது என்றால், ஒலி உள்ளே போவதில்தான் சிக்கல். போய்ச் சேர்ந்துவிட்டால் தெளிவாகவே கேட்கும். இவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டினாலே பலன் உண்டு. இன்னொரு வகையில் உட்காதின் நத்தைச் சுருளுக்குள் இருக்கும் மயிரணுக்கள் தேய்ந்திருக்கும். வயதாவதாலும், ஆண்டுக்கணக்கில் பேரிரைச்சலில் வேலை பார்த்ததாலும், சில மருந்துகளாலும் வருவது இது. தேய்ந்த மயிரணு மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. இரண்டும் கலந்து வருவதும் உண்டு.

எந்த வகை என்று சொல்வது ஆடியோகிராம் என்கிற சோதனைத் தாள். சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாகச் சுருதியை ஏற்றி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மெல்லிய ஒலி வரைக்கும் கேட்கிறது என்று குறிப்பார்கள். காதில் மாட்டும் ஹெட்போன் வழியாக ஒரு முறை, காதுக்குப் பின்னால் எலும்பில் அதிரும் வில்லை வைத்து ஒரு முறை. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் நடுக்காதுப் பழுது. இரண்டும் சேர்ந்தே இறங்கினால் உட்காதுப் பழுது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதை எடுக்கிறார்கள். திருவண்ணாமலையிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இதற்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ பஸ் ஏற வேண்டிய அவசியம் இல்லை. சோதனைக்கு முன்னால் காதைப் பார்த்துக் குரும்பியை எடுத்துவிடுவார்கள். சிலருக்கு அதோடு பிரச்சினையே தீர்ந்துவிடும். அவர்கள் ஹெட்போன் வாங்கவே வேண்டாம்.

முதுமையில் வரும் மந்தத்தின் தாளை ஒரு முறை நிதானமாகப் பார்க்கலாம். உதாரணத்துக்கு இப்படி ஒரு தாள்: 250 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், 1000-ல் 30, 2000-ல் 45, 4000-ல் 65, 8000-ல் 75. கோடு இடப்பக்கம் ஏறக்குறைய சமமாகப் போய், வலப்பக்கம் வரவரச் சரிந்து விழுகிறது. தமிழின் உயிரொலிகளுக்கு வேண்டிய வலு பெரும்பாலும் அந்தச் சமமான பக்கத்தில் இருக்கிறது. 'காசு' என்று சொல்லும்போது வரும் சீறல், 'ஷ', 'ஃப' போன்றவை, வல்லினம் வெடிக்கும் கணம், இவையெல்லாம் சரிவில் கிடக்கின்றன. அதனால் இந்தக் காதுக்கு 'ஆ', 'ஓ' நன்றாகக் கேட்கும். 'காசு கொடு' என்றால் 'காது கொடு' என்று விழும். "கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பஜனையில் மிருதங்கம் கேட்கும், ஜால்ரா காணாமல் போய்விடும். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் முதலில் கை நழுவுவதும் இதனால்தான். வீட்டில் ஆண்கள் பேசினால் மட்டும் காது கேட்கிறது என்று மருமகள் வருத்தப்படும் இடங்களில் பாதிக்காவது விளக்கம் இந்தத் தாளில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த 'பேஸ்' செட்டுக்கு வருவோம். அது தூக்கிக் கொடுப்பது இடப்பக்கத்தை, ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் பகுதியை. தாழ்ந்த சுருதியில் வரும் பலத்த ஒலிக்கு ஒரு குணம் உண்டு: தனக்கு மேலே இருக்கும் மெல்லிய உயர்சுருதி ஒலிகளை அது மூடிவிடும். ஆகவே அந்த செட் உதவாதது மட்டுமல்ல, கொஞ்சநஞ்சம் கேட்டுக்கொண்டிருந்த சீறல் ஒலிகளையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது. இளைஞர்களின் பாட்டுக்காக வடிவமைத்த சாமானிடம் சொற்பொழிவை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

சரி, எவ்வளவுதான் கூட்ட வேண்டும்? 4000 ஹெர்ட்ஸில் 65 டெசிபல் போய்விட்டது என்றால் 65-ஐயும் திருப்பிக் கொடுத்தால் போதாதா? போதாது என்பதல்ல, தாங்காது. சாமுவேல் லைபார்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1944-ல் சொன்ன அனுபவ விதி ஒன்று உண்டு: இழப்பில் ஏறத்தாழப் பாதியைக் கூட்டினால் காதுக்கு இதமாக இருக்கும். இன்றைய காது மெஷின் சூத்திரங்கள் எவ்வளவோ நுணுக்கமாகிவிட்டாலும் அவற்றின் அடியில் இந்தப் பாதிக் கணக்கு இன்னும் இருக்கிறது. காரணம், உட்காது பழுதானால் மெல்லிய ஒலி கேட்பதில்லையே தவிர, பலத்த ஒலி மற்றவர்களுக்குப் போலவேதான் உறைக்கும். 65-க்குக் கீழே ஒன்றும் கேட்காது, 100-ஐத் தொட்டால் வலிக்கும். நல்ல காதுக்கு இருக்கும் நூறு டெசிபல் அகலம் இவருக்கு முப்பத்தைந்தாகச் சுருங்கியிருக்கிறது. "சத்தமாப் பேசு" என்று கேட்ட அதே பெரியவர், சத்தமாகப் பேசியதும் "ஏன் கத்துற?" என்பதன் உள்கதை இது. அதில் முரண் ஏதும் இல்லை.

இதிலிருந்து ஒரு பயனுள்ள கணக்குக் கிடைக்கிறது. பல கைபேசிகளின் ஈக்வலைசரில் ஒரு பகுதியை 12 டெசிபல் வரைக்கும்தான் ஏற்ற முடியும். பாதிக் கணக்குப்படி அது 25 டெசிபல் அளவு இழப்பைச் சமாளிக்கும். ஆக, லேசான மந்தம் உள்ளவருக்குச் சாதாரண ஹெட்போனும் சரியாகத் திருகிய ஈக்வலைசரும் போதும்: 250-ஐக் கொஞ்சம் இறக்கி, 2000-க்கு மேலே ஏற்ற வேண்டும். மேலே பார்த்த தாளுக்குச் சொந்தக்காரருக்கு அது போதாது. மெல்லியதை நிறையவும் பலத்ததைக் குறைவாகவும் கூட்டித் தரும் கருவி வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் காது மெஷின். வெறும் ஹெட்போனுக்கு அந்த அறிவு கிடையாது.

பெட்டி மேல் அச்சடித்திருப்பதில் எதை நம்பலாம் என்று சிலர் கேட்பதுண்டு. '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்பது ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு ஏற்றம் இறக்கம் என்று சொல்லாதவரை அதற்குப் பொருளே இல்லை. '40 மி.மீ. டிரைவர்' என்பது அளவு, தரம் அல்ல. பெரிய ஏமாற்றம் 'இ.என்.சி.' என்ற மூன்றெழுத்து. இரைச்சலைக் குறைக்கும் என்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள். அது குறைப்பது உங்கள் மைக்கில் போகும் இரைச்சலை. எதிர்முனையில் இருப்பவருக்குத்தான் லாபம், உங்கள் காதுக்கு ஒன்றும் இல்லை. உங்கள் காதுக்கான வசதி 'ஏ.என்.சி.' அது பஸ் எஞ்சின் உறுமல், மின்விசிறி, ஜெனரேட்டர் போன்ற தாழ்ந்த தொடர் இரைச்சலை அடக்கும். செவித்திறன் குறைந்தவருக்கு இது ஆடம்பரம் இல்லை. செங்கம் போகும் பஸ்ஸில் இரைச்சலைத் தோற்கடிக்க வால்யூமை ஏற்றுவதற்குப் பதில் இரைச்சலையே இறக்கிவிட்டால் மிச்சமிருக்கும் மயிரணுக்கள் பிழைக்கும்.

இனி காது மெஷின் ஏற்கெனவே போட்டிருப்பவர்கள். கேள்விகள் அதிகம் வருவதும், தப்பான யோசனைகள் அதிகம் கிடைப்பதும் இவர்களுக்குத்தான். "மெஷினைக் கழட்டிட்டு ஹெட்போன் போடுங்க" என்பது முதல் யோசனை. தாளைப் பார்த்துப் பார்த்துத் திருத்தி அமைத்த கருவியைக் கழற்றிவிட்டு, எதுவும் தெரியாத கருவியைப் போட்டுக்கொள்வது அது. நடுத்தர இழப்புக்கு மேல் இருந்தால் அதில் பயன் இல்லை.

மெஷினுக்கு மேலேயே ஹெட்போன் போடலாம், ஆனால் மைக் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினில் மைக் துளைகள் காது மடலின் மேல்முனையில், தலையோடு ஒட்டினாற்போல இருக்கும். ஹெட்போன் ஒலி அங்கே போய்ச் சேர வேண்டும். காதின் மேல் சும்மா உட்காரும் சிறிய வட்டங்கள் உதவாது. காதையும் மெஷினையும் சேர்த்து மூடும் பெரிய, ஆழமான குவளை வேண்டும். குவளை மெஷினை அழுத்தினால் வலிக்கும். மெஷினிலிருந்து கசியும் ஒலி குவளையில் மோதித் திரும்பி மைக்கில் நுழைந்தால் 'கீ…' என்று விசில் அடிக்கும். பின்புறம் வலைபோலத் திறந்திருக்கும் ஹெட்போன்களில் இந்த விசில் குறைவு, ஒலி சுவரில் மோதாமல் வெளியே போய்விடுவதால். பக்கத்தில் இருப்பவருக்கும் சொற்பொழிவு கேட்கும் என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை. காதுத் துளைக்குள் முழுக்கப் பதிந்திருக்கும் சிறிய மெஷின் என்றால் கவலை குறைவு: மைக் துளைவாயிலேயே இருப்பதால் எந்த மென்மையான ஹெட்போனையும் மேலே வைத்துக்கொள்ளலாம். கடையில் மெஷினை ஆன் செய்த நிலையிலேயே மாட்டிப் பாருங்கள். தலையை இரண்டு பக்கமும் திருப்பி, கொஞ்சம் கொட்டாவியும் விட்டுப் பாருங்கள். தாடை அசையும்போது விசில் வந்தால் அந்த செட் வேண்டாம்.

மெஷினையே ஹெட்போனாக்கிவிடுவது இன்னும் நல்ல வழி. ஐபோனிலிருந்து நேரே ஒலி வாங்கும் மெஷின்கள் 2014-ல் வந்தன. 2017-ல் போனாக் நிறுவனம் எந்தப் புளூடூத் கைபேசியோடும் சேரும் மெஷினைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டுக்கும் தனி ஏற்பாடு வந்தது. 2020-ல் அறிவிக்கப்பட்ட குறைமின் புளூடூத் ஒலிமுறையும், அதன் பகுதியாக ஒரே இடத்திலிருந்து ஒலிபரப்பைப் பல காதுகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் ஆராகாஸ்ட் முறையும் இப்போது புதிய கருவிகளில் வரத் தொடங்கியுள்ளன. ஒரு பிரசங்க மண்டபத்தில் ஆராகாஸ்ட் பெட்டி ஒன்றை வைத்துவிட்டால், அந்த வசதி உள்ள மெஷினோடு வருபவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் பேச்சாளரின் மைக்கிலிருந்தே கேட்கலாம். பெரிய பெரிய ஸ்பீக்கர்களுக்குச் செலவிடும் சபாக்களும் ஆசிரமங்களும் இதைப் பற்றி யோசிக்கலாம்.

பழைய மெஷின் வைத்திருப்பவர் மனம் தளர வேண்டாம். தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தகுதியுள்ளவர்களுக்குக் காதொலிக் கருவி தருகிறது. அதைப் போன்ற எளிய மெஷின்களில் சிலவற்றில் 'டி' என்ற குறியோடு ஒரு சுவிட்ச் இருக்கும். உள்ளே ஒரு சின்னக் கம்பிச் சுருள். கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளும் 'நெக்லூப்' ஒன்றை வாங்கிக் கைபேசியின் ஹெட்போன் துளையில் செருகி, மெஷினை 'டி'-க்கு மாற்றினால், கைபேசி ஒலி காந்த அலையாக நேரே மெஷினுக்குள் வந்துவிடும். குவளையும் இல்லை, விசிலும் இல்லை, வெளி இரைச்சலும் இல்லை. மின்மாற்றிக்கும் வயரிங்குக்கும் பக்கத்தில் மட்டும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்கும். இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் போகும். தன் மெஷினில் இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் போட்டிருப்பவர்கள் நிறைய. விற்றவர்களும் சொல்வதில்லை.

எலும்பு வழி ஹெட்போனைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், "காதே தேவையில்லை" என்பது உட்பட. காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்கார்ந்து, மண்டையோட்டை அதிரவைத்து உட்காதுக்கு ஒலியைச் சேர்க்கும் கருவி இது. விஷயம் பழசு. சின்ன வயதிலேயே செவித்திறனை இழந்த தாமஸ் எடிசன், தாம் 1877-ல் கண்டுபிடித்த ஒலிப்பெட்டியின் மரச்சட்டத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு கேட்டவர். ஹியூகோ கெர்ன்ஸ்பாக் 1923-ல் பல்லால் கடித்துக் கேட்கும் 'ஆஸோஃபோன்' என்ற கருவியையே செய்தார். நடுக்காது அடைப்பு உள்ளவர்களுக்கும், சீழ் வடிவதால் காதுக்குள் எதையும் செருகக் கூடாதவர்களுக்கும் இது உண்மையிலேயே வரப்பிரசாதம். தடைபட்ட பாதையைச் சுற்றிக்கொண்டு ஒலி உள்ளே போய்விடுகிறது. ஆனால் உட்காது தேய்ந்தவருக்கு இதனால் தனிப் பலன் கிடையாது. எந்த வழியாகப் போனாலும் ஒலி கடைசியில் போய்ச் சேர்வது அதே தேய்ந்த மயிரணுக்களிடம்தான். முதுமை மந்தத்துக்கு எலும்பு வழி ஹெட்போன் மருந்து என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

அதற்கு வேறொரு பயன் உண்டு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமியை விட்டால் மற்ற நாட்களில் ஆட்டோவும் பைக்கும் பஸ்ஸும் போகிற சாலை அது. விடியலில் அடி அண்ணாமலையிலிருந்து நடக்கக் கிளம்புகிறவர்களில் பலர் காதில் எதையாவது செருகிக்கொண்டுதான் நடக்கிறார்கள். செவித்திறன் குறைந்தவர் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, மேலே ஏ.என்.சி.யும் போட்டுக்கொண்டு நடந்தால் பின்னால் வரும் ஹாரன் அவருக்கு எட்டாது. பஸ்ஸுக்குள் நல்லது என்று சொன்ன அதே வசதி சாலையில் ஆபத்து. நடைக்கு எலும்பு வழி செட்டோ, காதை அடைக்காத திறந்த வகையோதான் பொருத்தம். மெஷின் போட்டவர்களுக்கும் காதுத் துளை காலியாக இருப்பதால் இரண்டையும் சேர்த்துப் போடலாம். காது மடலின் மேல் இரண்டு கொக்கிகள் நெருக்கியடிக்கும், மூக்குக் கண்ணாடியும் இருந்தால் மூன்று. அந்த அவஸ்தையைக் கடையிலேயே சோதித்துக்கொள்வது நல்லது.

காதுக்குள் செருகும் இயர்பட்ஸ் காது மெஷினாகவே மாறிவிட்ட கதை தனி. அமெரிக்காவில் லேசான, நடுத்தர மந்தம் உள்ள பெரியவர்கள் மருத்துவர் சீட்டில்லாமல் கடையிலேயே காது மெஷின் வாங்கலாம் என்ற விதி 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2024 செப்டம்பரில், ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ 2 இயர்பட்ஸைக் காது மெஷினாக வேலை செய்யவைக்கும் மென்பொருளுக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. அது வெளியானபோது இந்தியாவில் அந்த வசதி பூட்டியிருந்தது. பெங்களூரில் சில இளைஞர்கள் தங்கள் பாட்டிக்காக வாங்கிய இயர்பட்ஸில் அதைத் திறக்க, ரேடியோ அலை புகாத கூண்டு ஒன்றை வீட்டிலேயே செய்து, கருவி அமெரிக்காவில் இருப்பதாக அதை நம்பவைத்தார்கள். செய்தி உலகம் முழுக்கப் போயிற்று. படித்து ரசித்தேன். ஆனால் ஒரு பாட்டிக்குக் காது கேட்கப் பேரன்கள் இவ்வளவு திருட்டு வேலை செய்ய வேண்டியிருந்ததே என்பதுதான் அதில் என்னை உறுத்தியது.

இத்தகைய இயர்பட்ஸ் நல்ல தொடக்கம்தான், ஆனாலும் அளவோடு. சில மணி நேரத்தில் சார்ஜ் இறங்கிவிடும். காதை அடைப்பதால் தன் குரலே பானைக்குள் பேசுவதாகக் கேட்கும். கடும் இழப்புக்கு எட்டாது. இணையச் சந்தையில் சில நூறு ரூபாய்க்கு 'காது மெஷின்' என்ற பெயரில் கிடைக்கும் ஒலிபெருக்கிகள் வேறு ஜாதி. பாத்திரம் விழும் சத்தத்தையும் பேச்சையும் ஒன்றாகப் பெருக்கித் தள்ளும் அவற்றைத் தொடாமல் இருப்பதே மேல்.

பணமே செலவில்லாத வழிகளை யாரும் விளம்பரம் செய்வதில்லை என்பதால் அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஒரு காது மட்டும் கேட்பவர் என்றால் கைபேசி செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் போய் 'மோனோ ஆடியோ'வை ஆன் செய்யுங்கள். இடது வலது என்று பிரிந்து வரும் ஒலி இரண்டும் கேட்கும் காதுக்கே வந்துவிடும். இது தெரியாமல், பாட்டில் வயலின் வரவில்லை என்று ஹெட்போனை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இரண்டு காதும் ஏற்றத்தாழ்வாக இருந்தால் அங்கேயே 'பேலன்ஸ்' கோட்டை நகர்த்தலாம். ஆண்ட்ராய்டில் கூகுளின் 'சவுண்ட் ஆம்ப்ளிஃபையர்' மெல்லிய ஒலியையும் உயர்சுருதியையும் தனித்தனியாக ஏற்றித் தரும். ஐபோனில் 2020 முதல் 'ஹெட்போன் அக்காமடேஷன்ஸ்' இருக்கிறது. ஆடியோகிராம் தாளை அதே கைபேசியில் படம்பிடித்து ஏற்றினால் உங்கள் சரிவுக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும். ஏர்பாட்ஸ்தான் வேண்டும் என்பதில்லை, ஆப்பிளின் வயர் வைத்த சாதா இயர்பாட்ஸிலும் வேலை செய்யும். எதுவுமே சரிப்படாத கடும் மந்தத்துக்கு 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலி எதிரில் பேசுவதைத் தமிழிலேயே எழுத்தாக ஓடவிடும். பிழைகள் வரும். ஆனாலும் "என்ன, என்ன" என்று நான்கு முறை கேட்பதற்கு அது எவ்வளவோ தேவலை.

போன் பேச்சில் இன்னொரு சங்கதி. பழைய தொலைபேசி முறை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஒலியைக் கடத்தும். 'காசு'வின் சீறலில் பெரும்பகுதி அதற்கு மேலே. நல்ல காதுள்ளவர் அதை ஊகித்து நிரப்பிக்கொள்வார், மந்தக் காதுக்கு அது முடியாது. 4ஜி குரல் அழைப்பும் வாட்ஸப் அழைப்பும் 7000 ஹெர்ட்ஸ் அளவுக்கோ அதற்கு மேலோ கடத்துவதால் தெளிவு கூடும். ஆனால் மலிவான புளூடூத் செட்களில் சில, அழைப்பு வந்தவுடன் பழைய குறுகிய முறைக்கு இறங்கிவிடும். பாட்டு அருமையாகக் கேட்கிறது, பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் காரணம் இதுதான். வயர் வைத்த செட்டில் இந்தத் தொல்லை கிடையாது. டிவிக்கும் அதே கதை. சாதாரணப் புளூடூத்தில் ஒலி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிந்தி வரலாம். மற்றவர்கள் அதைக் கவனிக்காமல் இருந்துவிடுவார்கள். உதட்டசைவைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்ளும் செவித்திறன் குறைந்தவருக்கு அந்தத் தாமதம் இருக்கிற புரிதலையும் கெடுக்கும். டிவிக்கென்றே வரும் ரேடியோ அலை ஹெட்போன் அவருக்குச் சரி. வீட்டில் மற்றவர்கள் தங்கள் அளவில் வைத்துக்கொள்ளலாம், இவருக்குத் தனி வால்யூம்.

எவ்வளவு நேரம் போடலாம்? உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட தரத்தின்படி பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணிதான். காது ஏற்கெனவே மந்தம், இனி என்ன கெடப்போகிறது என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிச்சமிருக்கும் இடப்பக்கத்தை நம்பித்தான் அவர்கள் பேச்சையே புரிந்துகொள்கிறார்கள். அதுவும் போனால் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. தீபத் திருநாளில் வெடிக்கும் வெடியும், மார்கழியில் கூம்பு ஒலிபெருக்கியும் வேறு அந்தக் கணக்கில் சேர்கின்றன. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவெம்பாவையை மாணிக்கவாசகர் பாடியது திருவண்ணாமலையில் என்பது மரபு, அடி அண்ணாமலையில் அவருக்குத் தனிக்கோயிலும் இருக்கிறது. அவர் பாடியபோது கூம்பு ஸ்பீக்கர் இல்லை.

அரசின் கணக்கிலும் ஒரு குறை இருக்கிறது. நன்றாகக் கேட்கும் காதில் 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தாலே வாழ்க்கையைப் பாதிக்கும் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமது 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதிலும் 60 டெசிபல் ஆனால்தான் செவித்திறன் குறைந்தவர் என்று ஏற்கிறது. இந்தியாவில் 6.3 கோடிப் பேருக்குச் செவித்திறன் பிரச்சினை இருப்பதாகத் தேசியக் காதுகேளாமைத் தடுப்புத் திட்டமே சொல்கிறது. 40-லும் 50-லும் நிற்பவர்களுக்கு மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்காது, இலவசக் கருவி கிடைக்காது, சொற்பொழிவும் புரியாது. கைபேசிக் கடை வாசலில் நிற்பவர்கள் இவர்கள்தான். அந்த 60 என்ற எண்ணை இறக்க வேண்டும். அதுவரைக்கும் ஒவ்வொரு ஹெட்போன் பெட்டியிலும் அதிகபட்சம் எத்தனை டெசிபல் வரும் என்றாவது கட்டாயம் அச்சிடவைக்க வேண்டும். ஷாம்பு பாட்டிலில் இருக்கும் அளவுக்குக்கூட இன்று ஹெட்போன் பெட்டியில் விவரம் இல்லை.

கடைக்குப் போகும்போது சோதனைத் தாளையும், மெஷின் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். சினிமாப் பாட்டைப் போட்டுச் சோதிக்காதீர்கள், மனப்பாடமான பாட்டு எந்த செட்டிலும் புரியும். முன்பு கேட்டிராத ஒரு செய்தி அறிக்கையை, முடிந்தால் பெண் குரலில், நடு வால்யூமில் போட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். பாதிக்கு மேல் வால்யூம் வைத்தால்தான் புரிகிறது என்றால் உங்களுக்குத் தேவை வேறு ஹெட்போன் அல்ல, காது மெஷின். திருப்பிக் கொடுக்க இரண்டு வாரமாவது அவகாசம் தரும் இடத்தில் வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். நேற்று வரை கேட்ட காது காலையில் எழுந்ததும் திடீரென்று அடைத்துக்கொண்டால், கூடவே இரைச்சலோ தலைசுற்றலோ இருந்தால், சளி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அது அவசர நோய். முதல் சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் செவித்திறன் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. வாரங்கள் கடந்தால் அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.